மைனஸ் பதினைந்து மணி ஐம்பது நிமிடம்

யூனியன் பிளேஸ், ஆறாம் மாடி.
புது மென்பொருள் வந்த மூன்றாம் நாள்
செபமாலை அண்ணன்
கம்பனிக்குக் கடன்காரன் ஆனார்.

இரவு பத்துக்கு விரல் வைத்தவர்
விடிய ஆறு பத்துக்குத் திரும்ப வைத்திருக்கிறார்.
போனதில் வந்ததைக் கழி.
நான்தான் எழுதினேன், ஒற்றை வரிச் சூத்திரம்.
சிவப்பில் நின்றது:
மைனஸ் பதினைந்து மணி ஐம்பது நிமிடம்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில்
கண் மூடாமல் இருந்த மனிசன்
அந்த இரவையே வட்டியோடு
திருப்பித் தரவேண்டுமாம்.
நள்ளிரவு என்று ஒன்று உண்டென்பது
கணக்குக்குத் தெரியாது.
சொல்லிக் கொடுத்தேன்:
போன நேரம் வந்த நேரத்தைவிடச் சிறிதென்றால்
இருபத்துநாலைக் கூட்டு.
ஒரு முழுநாளைத் தூக்கி
ஒருவர் கையில் வைப்பது இவ்வளவு லேசு.
அடைப்புக்குறி ஒன்றை மறந்து
இரண்டு தரம் பிழைத்தது, அது வேறு கதை.

திரையில் இதற்குப் பெயர் கல்குலேட்டட் ஃபீல்ட்.
கணக்குக் களம் என்று
மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
வேண்டாம்.
களம் என்ற சொல்லை எங்கள் வீட்டில்
யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.
பெட்டி என்றே வைத்துக்கொண்டேன்.
சொந்தமாக ஒன்றும் இல்லாத பெட்டி,
பக்கத்துப் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்துத்
தன்னை நிரப்பிக்கொள்ளும்.
காலி வீதியில் அப்படிச் சிலரை
எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை திலின் வந்தார்,
கையில் பிளேன்டீ.
எல்லாவற்றையும் கால் மணிக்குக் கொண்டு வா,
வருவதை மேலே தள்ளு, போவதைக் கீழே,
எல்லாக் கந்தோரிலும் அப்படித்தான் என்றார்.
பள்ளிக்கூடத்தில் இதை
மட்டந்தட்டல் என்று படித்தோம்.
அப்போது அது
எண்களைப் பற்றிய பாடம்.

ரிஃபாயா மாளிகாவத்தையிலிருந்து
எட்டுக்கு முன்னமே வந்துவிடுவாள்.
குளோரின் தின்ற பெருவிரலைத்தான்
மெசினுக்குப் பிடிக்காது.
ஊதி, சோலில் தேய்த்து, திரும்ப ஊதி,
நாலாம் தரம் பச்சை எரியும்போது எட்டு எட்டு.
பெட்டி எழுதும்: எட்டேகால்.
பின்னேரம் ஐந்து பதின்மூன்றுக்குப் போவாள்.
பெட்டி எழுதும்: ஐந்து.
ஏழும் பதின்மூன்றும் இருபது.
எல்லா நாளும் இப்படியே என்று வைத்தால்
இருபத்திரண்டு நாளுக்கு
ஏழு மணி இருபது நிமிடம்.
எட்டு மணிநேர வேலைநாள் ஒன்றுக்கு
நாற்பது நிமிடம்தான் குறைவு.

யாரும் கேட்காத பெட்டி ஒன்றைச் சேர்த்தேன்.
உண்மை நேரத்தில்
மட்டந்தட்டிய நேரத்தைக் கழி.
பெயர் என்ன வைக்கலாமென்று
கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமும்வரை யோசித்து
மிச்சம் என்று எழுதினேன்,
தமிழிலேயே.
ஒளித்துவைக்க ஒரு வசதி இருக்கிறது,
கண் படம் போட்ட பொத்தான்.
அதை அழுத்தவில்லை.
துணிச்சலென்று சொல்லமுடியாது.
முப்பத்தேழாவது பெட்டி,
அவ்வளவு தூரம் யார் வருவார்?
என் வரிசையிலும் பதினான்கு நிமிடம் கிடந்தது,
செவ்வாய்க்கிழமை,
கொம்பனித்தெருவில் ரயில் பிந்திய நாள்.

மாசக் கடைசியில் திலின் வந்தார்,
கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு.
வலப்பக்கம் போ, இன்னும் போ,
இது என்ன எழுதியிருக்கு?
பலன்ஸ் என்றேன்.
பொய்யில்லை.
நல்லது, அடியில் கூட்டிக் காட்டு என்றார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
மெசின் கொஞ்சம் யோசித்தது.
வெளியே லேக் ஹவுஸ் பக்கம்
மழை இருட்டிக்கொண்டு வந்தது.
தொகை வந்தது,
பெட்டிக்குள் அடங்கவில்லை,
வேலிக் கம்பிகள் மாதிரி
குறுக்கும் நெடுக்குமாய்
வெறும் கோடுகள்.

என்ன பிழை என்றார்.
பிழையில்லை, இடம் போதாது.
அப்ப அகலமாக்கு.

சுட்டியைக் கோட்டில் வைத்து
வலப்பக்கம் இழுக்கிறேன்.